பாடல் கோப்புகளில் விடுபட்ட விவரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆயிரக்கணக்கான பாடல் கோப்புகளில் எவற்றுக்குப் பாடியவர் பெயரோ ஆண்டோ இல்லை என்பதை, ஒவ்வொன்றாகத் திறக்காமல் அறிய முடியுமா?

பதில்: முடியும். எம்பி3டேக், ஃபூபார்2000 போன்ற மென்பொருள்களில், நீங்கள் குறிப்பிடும் புலம் (பாடியவர், ஆண்டு போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் கோப்புக்குள் உள்ள இடம்) காலியாக உள்ள கோப்புகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாடலின் பெயர் பதியப்படுவதே இல்லை. தடங்களின் நீளத்தை வைத்து இணையத் தரவுத்தளத்தில் தேடித்தான் மென்பொருள் பெயர்களை நிரப்புகிறது. இணைய இணைப்பு இல்லாதபோது படியெடுத்த கோப்புகளில் ‘டிராக் 01’, ‘அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’ என்பவையே பெயராக எழுதப்பட்டிருக்கலாம். அவை காலியான புலங்கள் அல்ல என்பதால் வடிகட்டியில் சிக்குவதில்லை. அச்சொற்களைத் தனியே தேட வேண்டும்.

கேள்வி: கோப்பின் பெயரும் வெறும் எண்ணாக இருந்தால் என்ன செய்வது?

பதில்: ஒலியைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்னும் இலவச மென்பொருள், பாடலின் முதல் 2 நிமிடங்களிலிருந்து ஒலிரேகை (கைரேகைபோல் ஒலியை அடையாளம் காட்டும் குறி) ஒன்றைக் கணித்து, அதை அக்கூஸ்ட்ஐடி தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. எனினும் அது எந்த ஒலிப்பதிவு என்பதைத்தான் ஒலிரேகை சொல்லும்; எந்த ஆல்பத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. ஒரே பதிவு மூல ஆல்பத்திலும் பிற்காலத் திரட்டுகளிலும் இருக்கக்கூடும் என்பதால், 1968இல் வெளிவந்த பாடலுக்கு 2005 என்று ஆண்டு பதிவாகிவிட வாய்ப்புண்டு. காலியான புலத்தை என்றாவது தேடிப் பிடித்துவிடலாம். தவறாக நிரம்பிய புலத்தை எந்த வடிகட்டியும் காட்டாது. ஆகவே ஆல்பம் முழுவதையும் ஒன்றாகக் கொடுத்து, பாடல்களின் எண்ணிக்கை, வரிசை, கால அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே சேமிக்குமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தரவுத்தளத்தில் யாரும் சேர்க்காத கச்சேரிப் பதிவுகளுக்கு இவ்வழி உதவாது; அவற்றைக் கேட்டுக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: கணினியில் முழுமையாகத் தெரியும் தலைப்பு, பழைய பிளேயரில் பாதியில் நின்றுவிடுகிறதே?

பதில்: எம்பி3 கோப்புக்குள் பாடல் விவரங்களை எழுதும் முறையின் பெயர் ஐடி3. கோப்பின் இறுதியில் இடம்பெறும் அதன் முதல் பதிப்பின் மொத்த அளவே 128 பைட், அதில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே. தொடக்கத்தில் எழுதப்படும் இரண்டாம் பதிப்புக்கு அந்த வரம்பு இல்லை. உங்கள் பிளேயர் இரண்டாம் பதிப்பின் 2.4 வடிவத்தைப் படிக்க இயலாமல் பழைய முதல் பதிப்பை நாடியிருக்கலாம், 2.3 வடிவத்தில், யூடிஎஃப்-16 குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) சேமித்துப் பாருங்கள்.

கேள்வி: சில தலைப்புகள் கேள்விக்குறிகளாகவும், சில புரியாத எழுத்துகளாகவும் உள்ளன. மீட்க இயலுமா?

பதில்: கேள்விக்குறிகளே கோப்பில் சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்துகள் அழிந்துவிட்டன, அவற்றையும் விடுபட்டவையாகக் கருதி ஒலிரேகையால் தேடுங்கள். புரியாத எழுத்துகள் என்றால், குறியேற்றம் தவறாகப் படிக்கப்படுகிறதே தவிர, தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அது எந்தப் பழைய குறியேற்றம் என்று அறிந்து மாற்றும் வரை, அக்கோப்பில் வேறு எதையும் திருத்திச் சேமிக்க வேண்டாம்.