எச்.ஐ.வி. மருந்து யாரைச் சென்றடைகிறது? கேள்விகளும் பதில்களும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மாவட்ட மருந்துக் கிடங்குகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்த மருந்தாளுநர் நான். ஏழை நாடுகளுக்கு எச்.ஐ.வி. மருந்து எப்படி வருகிறது, வழியில் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த துறை. நான் மருத்துவன் அல்லன். யாருடைய உடல்நிலைக்கும் இங்கே ஆலோசனை சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒருவரின் சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் ஆகும் என்று முன்பு படித்தேன். இன்று ஏழை நாடுகளில் இலவசமாகத் தருகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்ததும் பணக்கார நாடுகளில் சாவு மளமளவென்று குறைந்தது. விலையோ ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் டாலர். நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். மருந்து வேறு கண்டங்களில் இருந்தது.

2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் தலைவர் யூசுஃப் ஹமீது அப்படிப்பட்ட ஒரு கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம்தான் இதற்கு வழிவிட்டது. அது மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறு செய்முறையில் அதே மருந்தைத் தயாரிப்பது அப்போது குற்றமாக இருக்கவில்லை.

பலரும் விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிடங்கில் நின்றவனுக்கு வேறொன்று பெரிதாகப் படும். மேலை நாடுகளில் அந்த மூன்று மருந்துகளின் உரிமையும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்தது. அவற்றை ஒரே மாத்திரையாக்க யாராலும் முடியவில்லை. இந்தியாவில் முடிந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று புட்டிகளில் ஒன்று மட்டும் தீர்ந்துபோய், மீதி இரண்டை வைத்துக்கொண்டு விழிக்கும் நிலை அதோடு ஒழிந்தது. எத்தனை உயிர்களை அந்த ஒற்றை மாத்திரை காத்தது என்று யாரும் தனியாக எண்ணவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அதே ஆண்டு ஏப்ரலில், தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த 39 மருந்து நிறுவனங்கள் உலகத்தின் கண்டனம் தாங்காமல் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஏழை நாடுகளின் எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பணம் தர 2002இல் பல நாடுகள் சேர்ந்து பங்களிக்கும் உலக நிதியமும் 2003இல் அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டமும் வந்தன. இன்று பரவலாகத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையை உலக நிதியம் ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்குகிறது. 2024 முடிவில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர். சிகிச்சை பெற்றவர்கள் 3 கோடியே 16 லட்சம் பேர். அந்த இடைவெளியில் இருப்பவர்களுக்காகத்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மூலிகையால் முழுமையாகக் குணமாகும் என்கிறார்களே?

ஆகாது. 2007இல் காம்பியாவின் அதிபர் யாயா ஜாமே தாம் மூலிகையால் குணப்படுத்துவதாக அறிவித்து, வந்தவர்களைக் கூட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். அவரை நம்பியவர்கள் உயிரைப் பறிகொடுத்தார்கள். யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சில வாரங்கள் மருந்து இல்லாமல் போனால் அவ்வளவு ஆபத்தா?

ஆம். மருந்து வைரஸை அடக்கி வைக்கிறது, அழிப்பதில்லை. நிறுத்திய சில வாரங்களில் அது மீண்டும் பெருகும். உடலில் மருந்து அரைகுறையாக இருக்கும்போது பெருகினால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம். அப்போது அடுத்த வரிசை மருந்துக்குப் போக வேண்டும். அது விலை கூடியது, தொலைவிலுள்ள சுகாதார நிலையங்களில் எளிதில் கிடைக்காதது.

நோயாளி மறப்பதைவிட அலமாரி காலியாவதால் மருந்து நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தேவைப் பட்டியல் ஒரு வாரம் தாமதமாகப் போகும். மழைக்காலத்தில் பாலம் மூழ்கும். லாரிக்கு டீசல் இருக்காது. துறைமுகத்தில் ஒரு கையெழுத்துக்காகப் பெட்டிகள் காத்துக் கிடக்கும். மாதாமாதம் வந்து வாங்கச் சொல்லாமல் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ சேர்த்துக் கொடுப்பதுதான் நல்ல வழி. மொசாம்பிக்கின் டெடே மாகாணத்தில் நோயாளிகளே சிறு குழுக்களாகச் சேர்ந்து, முறைவைத்து ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கிவரும் ஏற்பாடு 2008இல் தொடங்கியது. ஒருவர் நடந்தால் மற்றவர்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தோன்றவில்லை, நடந்தவர்களுக்குத் தோன்றியது.

கேள்வி: படிப்பறிவு இல்லாத மக்கள் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிடுவார்களா?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2001இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, மருந்து கொடுத்துப் பயனில்லை என்ற பொருளில் பேசினார். 2006இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் சகாராவுக்குத் தெற்கே நூற்றுக்கு 77 பேர், வட அமெரிக்காவில் 55 பேர். சூரியன் உதிப்பதும் மறைவதும் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: ஜெனரிக் மருந்து, அதாவது கண்டுபிடித்த நிறுவனம் அல்லாமல் வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் அதே மருந்து, தரம் குறைந்ததுதானே?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் இவற்றின் தரத்தைச் சோதித்து அங்கீகரித்துவருகிறது.

கேள்வி: நீங்கள் காப்புரிமையை எதிரியாகக் காட்டுகிறீர்கள். காப்புரிமை இல்லாவிட்டால் புதிய மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள்?

நியாயமான கேள்வி. முதல் எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் அமெரிக்க அரசின் பணத்தில் புற்றுநோய்க்காக அதை உருவாக்கினார். அது எச்.ஐ.வி.யைத் தடுப்பதைக் காட்டியதில் அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. காப்புரிமையோ ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. மற்றொரு எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடினின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. இன்னொன்று: அந்த நாட்களில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் சேர்ந்தும் உலக மருந்து விற்பனையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அங்கே மலிவாக விற்றதால் எந்த ஆய்வுக்கூடமும் மூடப்படவில்லை.

அதே நண்பர்: காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே மற்றவர்கள் மருந்தைத் தயாரிக்க அரசு அனுமதிக்கும் கட்டாய உரிமத்தைத் தாய்லாந்து கொடுத்தபோது என்ன ஆயிற்று? அபாட் நிறுவனம் புதிய மருந்துகளையே அங்கே தரமாட்டேன் என்றது. நஷ்டம் நோயாளிக்குத்தானே?

நடந்தது உண்மை. 2007இல் அபாட் தன் புதிய மருந்துகளுக்கான பதிவு விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றது. வெப்பம் தாங்கும் கலெட்ரா என்ற எச்.ஐ.வி. மாத்திரையும் அவற்றில் ஒன்று; வெயில் நாட்டுக்கு மிகவும் தேவையான வடிவம் அதுதான். அந்த நஷ்டத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அதை ஏற்படுத்தியது உரிமம் கொடுத்த அரசா, மருந்தைப் பிடித்துவைத்த நிறுவனமா? பொதுச் சுகாதாரத்தைக் காக்கக் கட்டாய உரிமம் கொடுக்கும் உரிமையை உலக வர்த்தக அமைப்பின் 2001 தோஹா பிரகடனம் அதன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் உறுதி செய்திருக்கிறது. அதே 2007இல் பிரேசிலும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது.

வேறொருவர்: நிறுவனங்கள் இப்போது தாமாகவே உரிமம் தருகின்றனவே. லெனகாபாவிர் ஊசியைப் பாருங்கள்.

பார்க்கிறேன், மகிழ்ச்சியோடுதான். தொற்று வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி; 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. கிலியட் நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. அந்த உழைப்பை மதிக்கிறேன். 120 நாடுகளுக்கு ஜெனரிக் உரிமமும் கொடுத்திருக்கிறது. 2014இல் டோலுடெக்ராவிருக்கு மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு (நிறுவனங்களிடம் உரிமம் பெற்று ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குத் தரும் அமைப்பு) வழியாகக் கிடைத்த உரிமம் எத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தது என்பதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த 120 நாடுகளில் பிரேசில் இல்லை. அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு இல்லை. இந்த நான்கு நாட்டு மக்களும் இதே ஊசியின் இன்னொரு சோதனைக்குத் தங்கள் உடலைக் கொடுத்தவர்கள். தாமாகத் தரும் உரிமத்தில் பட்டியலைப் போடுவது கொடுப்பவர். அதனால்தான் சட்டத்தில் கட்டாய உரிமமும் இருக்க வேண்டும் என்கிறேன். பயன்படுத்தாவிட்டாலும் அது இருக்கிறது என்பதே விலை பேசும்போது எடைகூட்டும்.

இதற்குமேல் இந்த விவாதத்தை நீட்டினால் மற்றவர்களின் கேள்விகள் நின்றுபோகும்.

கேள்வி: குழந்தைகளுக்கும் இதே மருந்தா?

குழந்தைகள்தான் எப்போதும் கடைசி வரிசையில். தாயின் எதிர்ப்புப் பொருள் பதினெட்டு மாதம்வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும். அதைத் தேடும் சாதாரணப் பரிசோதனை ஏமாற்றிவிடும். வைரஸையே தேடும் பரிசோதனை வேண்டும், அதற்கான கருவி பெரும்பாலும் நகரத்தில் இருக்கும். முடிவு வருவதற்குள் குழந்தையைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை.

மருந்தும் அப்படித்தான் இருந்தது. பழைய லோபினாவிர் திரவத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், கடுங்கசப்பு, குளிர்பதனப் பெட்டி வேண்டும். அதை விழுங்க வைக்க ஒரு பாட்டி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போது தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெரி சுவையுள்ள டோலுடெக்ராவிர் மாத்திரை வந்துவிட்டது. 2020இல் அதன் விலையும் குறைந்தது. இருந்தும் சிகிச்சை பெறும் விகிதத்தில் குழந்தைகள் பெரியவர்களைவிடப் பின்தங்கியே இருக்கிறார்கள். காரணம், அவர்களை இன்னும் நாம் கண்டுபிடிக்கவில்லை.

கேள்வி: சித்த, யுனானி முறையில் குணமாகுமா?

மேலே சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் மாற்றி முழுமையாகக் குணமானவர்கள் உண்டே? அதை ஏன் எல்லோருக்கும் செய்யவில்லை?

புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றவேண்டிய நிலையில் இருந்த மிகச் சிலர் அவர்கள். உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. மாத்திரையால் நலமாக வாழ்பவருக்குச் செய்யக் கூடாது.

கேள்வி: எனக்குக் காசநோய் மருந்தும் தருகிறார்கள். டோலுடெக்ராவிர் எத்தனை மில்லிகிராம்?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது டோலுடெக்ராவிரின் வீரியத்தைக் குறைக்கும். இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு உதவி நின்றால் என்ன ஆகும்?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது அதைப் பார்த்தோம். உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு என்று பின்னர் அறிவித்தார்கள். அதற்குள் பல மருத்துவமனைகளில் ஆலோசகர்களும் தரவுப் பணியாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். யாருக்கு எப்போது மருந்து தீரும் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். தென்னாப்பிரிக்கா தன் மருந்தில் பெரும்பகுதியைச் சொந்தப் பணத்தில் வாங்குகிறது. மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளால் அது இன்று முடியாது.

கேள்வி: உங்கள் கிடங்கில் மருந்து தீர்ந்தது உண்டா? என்ன செய்தீர்கள்?

உண்டு. ஒரு மழைக்காலத்தில் லாரி வரவில்லை. பக்கத்து மாவட்டக் கிடங்கில் கேட்டு இரண்டு பெட்டி கடன் வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தோம். எல்லோருக்கும் ஒரு மாதத்துக்குப் போதாது. புட்டிகளைத் திறந்து, பதினைந்து பதினைந்து மாத்திரையாக எண்ணி, காகித உறையில் போட்டுக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது.