கொழும்பில் இருக்கிறேன். புதிதாக நட்ட செவ்வரத்தை வாடுகிறது, எக்ஸோராவின் இலை மஞ்சளாகிறது. என்ன பசளை போடலாம்?

இப்போதைக்கு எந்தப் பசளையும் போடாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போக மனம் வரவில்லை.

கொழும்பு என்கிறீர்கள். அப்படியென்றால் பக்கத்தில் அண்மையில் ஏதோ கட்டியிருப்பார்கள், அல்லது உங்கள் மதிலே புதிதாக இருக்கும். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அதுதான் நடந்தது. பக்கத்துக் காணியில் மாடிக்கட்டடம் எழும்பி முடிந்த பிறகு மதிலோரம் எக்ஸோரா நட்டோம். குருத்திலைகள் மஞ்சளாகின, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் "யூரியா போடுங்கோ அக்கா" என்றார்கள். நான் கேட்கவில்லை. யூரியா கொடுப்பது தழைச்சத்து (நைதரசன்). அது குறைந்தால் முற்றின அடியிலைதான் முதலில் வெளுக்கும். குருத்து வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்வெட்டியால் கிண்டினால் ஒரு சாண் ஆழத்தில் சீமெந்துக் கட்டியும் சாந்தும் ஓட்டுத் துண்டும். கழிவை லொறியில் ஏற்றி அனுப்பக் காசு போகும் என்று எங்கள் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

எக்ஸோராவுக்குப் புளிப்பு மண் வேண்டும். சீமெந்துச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதில் யூரியா கொட்டி என்ன பயன்? கன்றுகளைத் தூக்கி, கழிவை முழுக்க அள்ளி, செம்மண்ணும் மக்கின சருகும் கலந்து நிரப்பித் திரும்ப நட்டேன். அடுத்த தளிர் பச்சையாக வந்தது. இன்று மதிலே தெரியாமல் பூத்து நிற்கிறது.

செவ்வரத்தை வாடுவது வேறு கதை. நேர்சரிப் பையில் இருப்பது பெரும்பாலும் தும்புத்தூள். சுற்றுமண் ஈரமாக இருக்கும்போதே அந்த வேர்க்கட்டி காய்ந்துவிடும். தண்ணீரைத் தண்டுக்குக் கிட்ட, மெதுவாக, ஊறும்படி விடுங்கள். மே மாத மழை பிடித்த பிறகு வாடினால் காரணம் நேர்மாறு, தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகே வாளியைத் தூக்குங்கள். அடியில் சருகு பரப்புங்கள், தண்டில் முட்டாமல். முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் முதலில் வேர் ஓடட்டும். இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் வெண்முட்டுப்பூச்சி தெரிந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

மண்ணைப் பரிசோதிக்காமல் எப்படிச் சொல்லலாம் என்று விவசாயம் படித்தவர்கள் கேட்கலாம். பரிசோதியுங்கள், நல்லது. கிண்டியும் பாருங்கள். நான் பசளைக்கு எதிரியும் இல்லை. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தபோது வயல் செய்கிற எங்கள் சொந்தக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். புதுத்தளிர் விட்ட பிறகு கொஞ்சமாகப் போடலாம், அவ்வளவுதான்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். புரோக்கர்மார் கேற்றடியில் வந்து நின்று, வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். "தனி ஆளுக்கு ஏன் அன்ரி இவ்வளவு முற்றம்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். என் முற்றம் எனக்கு எவ்வளவு தேவை என்று அவர் யார் சொல்ல? ஒழுங்கையில் மண் தெரிகிற வீடே இப்போது இரண்டோ மூன்றோதான்.

உங்கள் எக்ஸோராவில் மஞ்சளாவது குருத்திலையா அடியிலையா என்று கீழே எழுதுங்கள். பார்த்துப் பதில் சொல்கிறேன்.