உயிரியல் பூங்காவில் யானைகளைப் பராமரிக்க முறையான பயிற்சி உண்டா? அதில் என்ன கற்றுத் தருவார்கள்?

உண்டு. பாகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்த ஒரு தொழிலுக்கு வகுப்பறையில் சொல்லித் தர என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, திருமணத்துக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, அங்குள்ள ஒரு பூங்காவில் ஆறு ஆண்டுகள் யானைக் காப்பாளராகப் பணிபுரிந்தவள் என்ற முறையில், நான் கற்ற அமெரிக்க முறையைப் பற்றியே எழுதுகிறேன்.

அங்கே பூங்காக்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் சங்கத்தை ஏ.இசட்.ஏ. என்பார்கள். யானை மேலாண்மையின் அடிப்படைகளைக் கற்பிப்பதற்கென்றே அச்சங்கம் ஒரு பயிற்சி வகுப்பை நடத்துகிறது. யானையின் உடலியல், உணவு, கூட்ட வாழ்க்கை, கொட்டில் அமைப்பு, பணியாளர் பாதுகாப்பு, கற்பிக்கும் முறை ஆகியவை அதன் பாடங்கள். யானைக் காப்பாளர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. அதன் ஆண்டுக் கூட்டங்களில் ஒரு பூங்காவின் அனுபவம் மற்றொன்றுக்குப் போய்ச் சேருகிறது. ஆயினும் பயிற்சியின் பெரும்பகுதி கொட்டிலில்தான் நடக்கிறது. புதிதாகச் சேருபவர் முதல் சில மாதங்கள் சாணம் அள்ளி, தீவனம் எடைபோட்டு, கதவுகளையும் பூட்டுகளையும் இயக்கப் பழகி, மூத்தவர்கள் யானையோடு பழகுவதைத் தள்ளி நின்று பார்ப்பார். ஒவ்வொரு படியாகத் தேறி, மேலாளர் கையெழுத்திட்ட பிறகே யானைக்கு அருகில் செல்ல முடியும்.

இந்த ஒழுங்கு பல இழப்புகளுக்குப் பின் வந்தது. முன்பு அமெரிக்கக் காப்பாளர்களும் நம் பாகர்களைப் போலவே அங்குசத்தோடு யானைக்கு அருகிலேயே நின்று வேலை செய்தார்கள். 1988இல் சான் டியாகோ வனவிலங்குப் பூங்காவில் டண்டா என்ற ஆப்பிரிக்கப் பெண் யானையைச் சங்கிலியால் பிணைத்து அடித்த செய்தி வெளிவந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1991இல் அதே பூங்காவில் காப்பாளர் ஒருவர் யானையால் உயிரிழந்தார். அந்தக் காலகட்டத்தில்தான், மனிதர் ஒரு பக்கமும் யானை மறுபக்கமுமாக நடுவில் வலுவான தடுப்பை வைத்துப் பழகும் முறை அங்கே உருவானது. அதைப் ‘புரொடெக்டட் கான்டாக்ட்’ என்பார்கள். 2011இல் ஏ.இசட்.ஏ. எடுத்த முடிவின்படி, 2014 செப்டம்பர் முதல், மருத்துவத் தேவை போன்ற சில விலக்குகள் தவிர, காப்பாளர் யானையோடு ஒரே இடத்தில் தடுப்பின்றி நிற்கக் கூடாது. கலிபோர்னியாவில் 2018 முதல் அங்குசத்தைப் பயன்படுத்துவதே சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது.

தடுப்பு வந்ததும் மாறியது பாதுகாப்பு மட்டுமன்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் நான்கு டன் எடையுள்ள விலங்கை எவராலும் கட்டாயப்படுத்த முடியாது. அதற்கு விருப்பமில்லையென்றால் திரும்பி நடந்து போய்விடும். ஆகவே அதைத் தானாக முன்வரச் செய்வதே நாங்கள் கற்க வேண்டிய கலையாயிற்று. கருவிகள் எளியவை: நுனியில் பந்து பொருத்திய நீண்ட கழி, ஒரு விசில், இடுப்புப் பையில் நறுக்கிய காரட்டும் ஆப்பிளும். யானை நெற்றியாலோ பாதத்தாலோ பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் விசில் ஒலிக்க வேண்டும், பிறகு பழம் தர வேண்டும். விசில் ஒரு நொடி தாமதித்தால், தொட்டதற்குப் பதில் விலகியதற்குப் பரிசு கிடைத்ததாக யானை எண்ணிக்கொள்ளும்.

இதை யானையிடம் செய்வதற்கு முன் எங்களுக்குள்ளேயே செய்து பார்க்க வைத்தார்கள். என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். திரும்பி வந்த எனக்கு வழிகாட்டி அந்த விசில் மட்டுமே. என்னைக் கையாண்டவர் இரண்டு முறை தாமதமாக ஊதினார். எது சரி என்று புரியாமல் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் கோபத்தில் நின்றுவிட்டேன். பயிற்சியாளர் என்னிடம், “இப்போது உங்களுக்கு வந்த கோபம் யானைக்கும் வரும்” என்றார். ஐந்தாண்டுக் கல்லூரிப் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

கிடைத்த பாடத்தை நானே ஒருமுறை மறந்தேன். மனிதரின் காசநோய் யானைக்கும் தொற்றும் என்பதால், ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் மூன்று நாட்கள் தும்பிக்கையைக் கழுவி மாதிரி எடுப்பார்கள். ஏறத்தாழ 60 மில்லி உப்புநீரை ஒரு துளைக்குள் ஏற்ற வேண்டும். யானை தும்பிக்கையைத் தூக்கிச் சிறிது நேரம் நீரைத் தாங்கி, பிறகு தாழ்த்தி, நாம் பிடிக்கும் பைக்குள் ஊத வேண்டும். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் யானைக்கு இதைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பத்து நொடி வரை தாங்கப் பழகியிருந்தது. பரிசோதனை நாள் நெருங்கியதால், தும்பிக்கை நுனி என் கையில் நிலைகொள்ளும் முன்பே அவசரமாக ஊசிக்குழலை உள்ளே செலுத்திவிட்டேன். அது தும்பிக்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டது. அதன்பின் மூன்று வாரங்கள் என்னிடம் தும்பிக்கையை நீட்டவே இல்லை. வெற்றுக் குழலைத் தூரத்தில் காட்டுவது, பார்த்தால் பழம் தருவது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நொடியில் செய்த பிழையைத் திருத்த இரண்டு மாதங்கள் ஆயின. குறிப்பேட்டில் அதை என் கையாலேயே எழுதினேன்.

பாதப் பராமரிப்பில்தான் அதிக நேரம் செலவாகும். ஆசிய யானைக்குப் பொதுவாக முன்பாதத்தில் ஐந்தும் பின்பாதத்தில் நான்கும் நகங்கள். பல பத்தாண்டுகள் சிமென்ட் தரையில் நின்ற முதிய யானைகளுக்கு நகவெடிப்பு, சீழ்க்கட்டி, மூட்டுவாதம் ஆகியவை வந்து, அவற்றாலேயே பல உயிர்கள் போயிருக்கின்றன. இன்று நல்ல கொட்டில்களில் ஆழமாக மணல் பரப்புகிறார்கள். நாள்தோறும் யானை தடுப்பிலுள்ள திறப்பின் வழியே பாதத்தை நீட்டி ஒரு தாங்கியின்மேல் வைக்கும். நாங்கள் கழுவி, அடிப்பாதத்தின் வரிகளுக்கிடையே சிக்கிய கற்களை எடுத்து, தேவையான இடத்தில் கத்தியால் செதுக்கி, நகத்தை அரத்தால் தேய்ப்போம். சீழ் கட்டத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடிக்கும். பாதத்தருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்க்கக் கற்றுத் தந்தவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

யானைகளைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது. அறிகுறி தெரிந்த ஓரிரு நாட்களிலேயே குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. காதை நீட்டி இரத்தம் எடுக்க அனுமதிக்கப் பழகிய குட்டியிடம் அடிக்கடி சோதித்து, நோய் வெளிப்படும் முன்பே மருந்து தொடங்கலாம். பழகாத குட்டியிடம் அதற்கு அவகாசமே கிடைக்காது. இதற்கான புதிய தடுப்பூசி 2024இல் ஹூஸ்டன் பூங்காவில் முதன்முதலாக ஒரு யானைக்குச் செலுத்தப்பட்டது.

இவ்வளவு சொன்னதால் நம் மாவுத்தர்களையும் (பாகர்கள்) அவர்களுடைய உதவியாளர்களான காவடிகளையும் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். முதுமலையிலுள்ள தெப்பக்காடு யானை முகாமில், யானை கவளத்தை வாங்கும் விதத்தை வைத்தே அதன் வயிறு சரியில்லை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண் எந்த வகுப்பிலும் கிடைப்பதில்லை. 2023இல் தமிழக அரசு 13 மாவுத்தர்களையும் காவடிகளையும் தாய்லாந்தின் லம்பாங் நகரிலுள்ள யானைப் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்காகத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அவர்களுடைய அனுபவத்தைப் பதிவு செய்து பாடமாக்கும் வேலையும் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நீங்கள் இத்துறைக்கு வர நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், பூங்காக்களிலுள்ள யானைகளை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்ற உத்தரவிட்டது. சில பூங்காக்களில் இன்னும் யானைகள் உண்டு என்றாலும், இந்தியாவில் இந்த வேலை பெரும்பாலும் வனத்துறை முகாம்களில்தான். கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படித்தால் மருத்துவர், ஆய்வாளர் என்ற வழியில் நுழையலாம். வெளிநாட்டில் முயன்றால், விலங்கியல் பட்டத்தோடு ஏதேனும் ஒரு பூங்காவில் தன்னார்வலராகவோ பயிற்சிப் பணியாளராகவோ இருந்த அனுபவத்தைக் கேட்பார்கள். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: யானை ஒத்துழைக்க மறுத்து நடந்து போய்விட்டால் அன்றைய வேலையை என்ன செய்வீர்கள்? “நாளை மீண்டும் முயல்வோம்” என்று தயங்காமல் சொல்லும் இடத்தில் சேருங்கள்.