சலவைக்கடைக்காரரின் மனைவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். வார இறுதிகளில் இங்குள்ள தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று நாவலைத் தமிழில் எழுதிவருகிறேன். கதை 1912இல் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் நடக்கிறது. சலவைக்கடை நடத்தும் அப்பா, அம்மா, பாட்டி, ஒரு சிறுமி. சிறுமியின் அண்ணன் வேறொருவரின் மகன் என்று போலிப் பெயரில் கப்பலேறி வந்து, ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகளின் விசாரணையில் பொய் சொல்லித் தப்பி, குடும்பத்தோடு சேர்கிறான். சீனப் புத்தாண்டும் நிலாத் திருவிழாவும் பாட்டியின் கதைகளும் இடையில் வருகின்றன.

படித்துப் பார்த்த என் கணவர், அதிகாரியிடம் பொய் சொல்லும் ஒரு பையனைப் பிள்ளைகள் முன் நாயகனாக நிறுத்தக்கூடாது என்கிறார். அந்த அத்தியாயத்தை நீக்கிவிடலாமா? தமிழர்களாகிய நாம் சீனர்களின் கதையை எழுதலாமா? சீனப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில், சிறுவர் வரலாற்று நாவல்களில் வரும் வீடுகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல்களில் வீடு என்பது பெரும்பாலும் பையன் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும் இடம். வரலாறு வெளியே ரயில் பாதையிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் நடந்துகொண்டிருக்கும். அம்மா கவலைப்படுவாள், பாட்டி கதை சொல்வாள், பையன் திரும்பி வரும்போது சோறு சூடாக இருக்கும். இந்த வழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. உங்கள் அத்தியாயங்களை ஒரே அமர்வில் படித்தேன். உரையாடல் உங்களுக்கு இயல்பாக வருகிறது. சிறுமி சட்டைக் காலருக்குக் கஞ்சி போடும் பக்கத்தில், பிறருடைய துணிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளையின் மனத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அப்படி எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். தமிழர் சீனரைப் பற்றி எழுதலாம். படித்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். பெயர்களைப் பொறுத்தவரை, அன்று அமெரிக்கா சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தின் முத்து ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக டோய்சான் பகுதியினர். அவர்கள் பேசியது டோய்சான் பேச்சும் கான்டனீஸும். நீங்கள் வைத்திருப்பவை பெய்ஜிங் உச்சரிப்பில் உள்ள பெயர்கள். மாற்றிவிடுங்கள்.

இனி நான் கேட்க வேண்டியது. அண்ணன் உள்ளே வருவதற்குப் போலிப் பெயர் தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவன் அம்மா எப்படி வந்தாள்? பாட்டி எப்படி வந்தாள்? மூன்று அத்தியாயங்களிலும் அதற்கு ஒரு வரிகூட இல்லை. குடும்பம் என்றால் அம்மாவும் பாட்டியும் இருந்தே தீருவார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். 1912இன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சீனச் சலவைக்கடைக்காரருக்கு மனைவி பக்கத்தில் இருப்பது அரிது. தாயும் பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

1875இன் பேஜ் சட்டம் பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. நடைமுறையில், ஹாங்காங்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரியின் முன் நின்று தன் ஒழுக்கத்தை நிரூபித்த பிறகே ஒரு சீனப் பெண் கப்பலேற முடிந்தது. இந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் புறப்படவில்லை. 1882இன் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கதவை மூடியது. தொழிலாளியின் மனைவியும் தொழிலாளி என்ற கணக்கிலேயே தடுக்கப்பட்டாள். 1890இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் சீன ஆண்கள் சுமார் 1,03,000 பேர் இருந்தார்கள். பெண்கள் 4,000 பேர்கூட இல்லை. வணிகர்கள் மட்டும் மனைவி மக்களை வரவழைக்கலாம். சலவைக்காரர் வணிகர் அல்லர், தொழிலாளி. ஆகவே, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் ஏதாவது மளிகைக்கடையில் பங்குதாரராகப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் வணிகருக்கோ, முந்தைய ஓராண்டு முழுவதும் வியாபாரமே செய்தார், கைவேலை செய்யவில்லை என்று சீனரல்லாத இருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தொழிலாளி ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால், அமெரிக்காவில் மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் டாலர் பெறுமானமுள்ள சொத்தையோ, வர வேண்டிய கடனையோ காட்ட வேண்டும். மனைவியை வர விடாத அரசு, மனைவி இங்கே இருந்தால் நீ திரும்பி வரலாம் என்று சொன்னது. இப்படிப்பட்ட ஒரு நாட்டில் உங்கள் சலவைக்கடைக்காரர் மனைவியோடும் தாயோடும் நிலாத் திருவிழா கொண்டாடுகிறார்.

இதை வெறும் தகவல் பிழை என்று நினைத்து, அடிக்குறிப்பு போட்டுச் சரிசெய்துவிடாதீர்கள். அந்தக் குடியேறிகளின் வரலாற்றில் குடும்பமே மையம். சட்டம் குறிவைத்தது அதைத்தான். உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேரூன்றக் கூடாது. வேரூன்றாமல் இருக்க வேண்டுமானால் அவனுக்கு மனைவியும் குழந்தையும் இங்கே இருக்கக் கூடாது. மத்திய பசிபிக் ரயில் பாதையில் அவர்கள் சியரா நெவாடாவின் பாறையைக் குடைந்ததையும், 1867இல் வேலைநிறுத்தம் செய்ததையும், 1869இல் பாதை முடிந்ததையும் பாடநூல்களே சொல்லிவிடும். அந்தத் தொழிலாளியின் மகள் பத்து வயது வரை தன் தகப்பன் முகத்தைக் கண்டதில்லை என்பதைப் பாடநூல் சொல்லாது. அதைச் சொல்வதற்காகத்தான் நாவல் என்ற வடிவம் இருக்கிறது. நீங்களோ குடும்பத்தைப் பின்னணித் திரையாக்கி, அதன் முன்னால் புத்தாண்டு விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். திருவிழாவும் பலகாரமும் பாட்டி கதையும் ஒரு சமூகத்தின் வாழ்க்கையாகிவிடா. அவற்றை மட்டும் படிக்கும் பிள்ளை, சீனர்கள் வண்ணமயமானவர்கள் என்பதைத் தவிர வேறொன்றையும் தெரிந்துகொள்ள மாட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏஞ்சல் தீவுக்குச் சென்றிருந்தேன். டிபுரானிலிருந்து படகில் சென்று, மலைச்சரிவை ஒட்டிய பாதையில் நடந்தால் அந்தத் தடுப்புக் குடியிருப்பு வரும். 1910 முதல் 1940 வரை இயங்கிய குடியேற்ற நிலையம் அது. அடுக்கடுக்காகத் தொங்கும் படுக்கைகள். மரச்சுவர்களில் கத்தியால் செதுக்கிய சீனக் கவிதைகள். நிர்வாகம் அவற்றைப் புட்டியால் அடைத்து மேலே வண்ணம் பூசியது. அந்தப் பூச்சே எழுத்துகளைக் காப்பாற்றியது. கட்டடத்தை இடிக்கவிருந்த காலத்தில், 1970இல், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் அவற்றைக் கண்டு வெளியே சொன்னார். எஞ்சியிருப்பவை ஆண்களின் எழுத்துகள். பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த நிர்வாகக் கட்டடம் 1940இல் தீப்பற்றி எரிந்துபோனது. அவர்கள் ஏதேனும் எழுதியிருந்தால் அதுவும் அதோடு போயிற்று. கணவனும் மனைவியும் ஒரே கப்பலில் வந்தாலும், விசாரணை முடியும்வரை தனித்தனியேதான் வைக்கப்பட்டார்கள்.

நான் சென்ற அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வழிகாட்டிய பெண்மணி அவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டார். உன் வீட்டு வாசலில் எத்தனை படிகள்? உன் பாட்டியின் படுக்கையறைக் கதவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? உங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள்? முதலில் சிரித்தார்கள். ஒரு சிறுவன் படிகளை விரல் விட்டு எண்ணத் தொடங்கி, குழம்பி, தன் தங்கையைப் பார்த்தான். அவள் வேறொரு எண்ணைச் சொன்னாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்தத் தீவில் அப்படி இரண்டு பதில்கள் வந்திருந்தால் அவனை மறுபடி விசாரித்திருப்பார்கள், திருப்பியும் அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். உண்மையான மகனும் அந்த விசாரணையில் தோற்கலாம். அரிசிப் பானை எந்த மூலையில் இருந்தது, பாட்டியின் பாதம் அன்றைய சீன வழக்கப்படி வளராமல் இறுகக் கட்டப்பட்டிருந்ததா, ஊர்க் குளம் எந்தப் பக்கம் என்று நூற்றுக்கணக்கில் கேட்டு, தகப்பனின் பதிலோடு ஒப்பிடுவார்கள். பெற்ற மகனே தன் வீட்டைப் பற்றிக் குறிப்பேடு வைத்து மனப்பாடம் செய்து, கரை தெரிவதற்கு முன் அதைக் கடலில் எறிந்துவிட்டு வந்தான். 1906இன் நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் அழிந்தபின், பலர் தாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று பதிந்துகொண்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகச் சொல்லி, அந்த இடத்தை அக்கம்பக்கத்தார் பிள்ளைக்கு விற்றார்கள். காகித மகன்கள் என்று அவர்களுக்குப் பெயர். பெற்ற மகனாக வர வழியில்லாதபோது இன்னொருவரின் மகனாக வந்தவனிடம், நீ ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்பது நியாயமாகுமா? அந்த அத்தியாயத்தை நீக்கவே நீக்காதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் அது சாமர்த்தியத்தின் வெற்றியும் அல்ல. அந்தப் பையன் தன் அப்பாவை ஊரறிய அப்பா என்று கூப்பிட முடியாது. பொய்ப் பெயரிலேயே படித்து, மணந்து, பிள்ளை பெற்று, சாக வேண்டும். கல்லறைக் கல்லில் ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் சீனத்தில் குலப்பெயரும் பொறிக்கப்பட்டவர்கள் உண்டு. 1950களின் நடுவில், போலிப் பெயரில் வந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதற்கென்று அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வாய் திறந்தால் அந்தக் காகிதக் குடும்பம் முழுவதும் மாட்டிக்கொள்ளும் என்பதால் வீடுகளுக்குள்ளேயே சண்டை மூண்டது.

வால்ட் டிஸ்னியின் பாம்பி படத்தில் வரும் மூடுபனிக் காட்டை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் காட்டின் தோற்றத்தை உருவாக்கிய டைரஸ் வாங், பத்து வயதில் போலிப் பெயரில் ஏஞ்சல் தீவில் தனியாக அடைபட்டிருந்த சிறுவன். தந்தை முன்னதாகவே கரையேறிவிட்டார். பின்னர், மை வாங்கக் காசில்லாமல், செய்தித்தாளில் தண்ணீர் தொட்டு எழுத்துப் பயிற்சி செய்யவைத்தார் அந்தத் தந்தை. ஊரில் விட்டுவந்த தாயை டைரஸ் வாங் அதன்பின் பார்க்கவேயில்லை. இதில் எந்தப் பகுதியை உங்கள் கணவர் பிள்ளைகளிடமிருந்து மறைக்கச் சொல்வார்?

இந்த விசாரணைக் கோப்புகள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, சான் புருனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். கேள்வி பதில்கள், கிராம வரைபடங்கள், சிறுவர்களின் புகைப்படங்கள். ஏழை உழவர் வீட்டின் அடுப்பும் படுக்கையும் இத்தனை நுணுக்கமாகப் பதிவான இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. சந்தேகப்பட்டே அந்த அரசு இதைச் சேர்த்துவைத்திருக்கிறது. பாட்டியைப் பற்றி எழுத இணையத்தில் சீன நாட்டார் கதைகளைத் தேடாதீர்கள், அங்கே போய் உட்காருங்கள்.

குடும்பம் முழுவதும் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தே ஆக வேண்டும் என்றால், காலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். பேஜ் சட்டத்துக்கு முன் சிறு வயதிலேயே வந்தவர்கள் ஜோசப் டேப்பும் மேரி டேப்பும். அவர்களுடைய எட்டு வயது மகள் மேமியை 1884இல் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள்; வழக்குப் போட்டு, 1885இல் கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார்கள்; கல்வி வாரியமோ சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளியைத் திறந்து அவளை அங்கே அனுப்பியது. மேரி வாரியத்துக்கு எழுதிய கோபமான கடிதம் நாளிதழிலேயே வெளிவந்தது. அம்மா இருக்கும் கதை வேண்டுமென்றால், அப்படிப்பட்ட அம்மாவை எழுதுங்கள்.

1912தான் வேண்டுமென்றால் அம்மாவையும் பாட்டியையும் சிறுமியையும் டோய்சானிலேயே விட்டுவிடுங்கள். அப்பா சலவைக்கடையில் தனியாக இருக்கட்டும். கஞ்சி போடும் அந்தப் பக்கத்தை அண்ணனுக்குக் கொடுங்கள். விசாரணைக்கு முன்னால், யாருடைய மகனாகப் போகிறானோ அவர் வீட்டின் படிகளையும் கதவுகளையும் அவனுக்கு மனப்பாடம் செய்விப்பவள் அந்தச் சிறுமியாக இருக்கட்டும். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.