பழைய பெயருக்கு உரிமம் வாங்கலாமா? கையடக்க கேம் கருவி தயாரிப்பாளருக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம். கையடக்க கேம் கன்சோல் ஒன்றின் மாதிரி தயாராகிவிட்டது. பெயர் மட்டும் முடிவாகவில்லை. 1990களில் விற்பனையாகிப் பின்னர் நின்றுபோன ஒரு கையடக்கக் கருவியின் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள, அந்தப் பெயரின் இன்றைய உரிமையாளர் உரிமம் தர முன்வந்திருக்கிறார். முதலில் இந்தியாவிலும், பிறகு பிரிட்டனிலும் ஜப்பானிலும் விற்கத் திட்டமிட்டிருக்கிறோம். பழைய பெயருக்கு உயிர் கொடுப்பது எங்களுக்கு லாபமாகுமா, சுமையாகுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. தர முன்வந்திருக்கும் உரிமம் பெயருக்கு மட்டுமா, அந்தக் கருவியில் ஓடிய ஆட்டங்களுக்கும் சேர்த்தா? ஆட்டங்களும் உடன் வருமானால் விலை பேசத் தொடங்கலாம். பெயர் மட்டும்தான் என்றால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கேம் கருவியின் பெயர் சோப்பின் பெயரைப் போன்றதல்ல. நின்றுபோன ஒரு சோப்பு அதே பெயரில் மீண்டும் கடைக்கு வந்து, மணம் சற்று மாறியிருந்தாலும், வாங்கியவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். கேம் கருவியின் பெயரை அடையாளம் கண்டுகொண்டு வாங்குபவரோ, பெட்டியைத் திறந்தவுடன் தேடுவது தாம் பத்து வயதில் ஆடிய அதே ஆட்டத்தைத்தான். ‘என் பழைய கார்ட்ரிட்ஜ் (ஆட்டம் பதிந்த செருகு அட்டை) இதில் ஓடுமா, ஓடாவிட்டால் அந்த ஆட்டம் உள்ளேயே இருக்கிறதா?’ என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். இரண்டுக்கும் இல்லை என்று பதில் சொல்ல வேண்டியிருந்தால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது ஏமாற்றத்தைத்தான்.

பெயரின் அருமை தெரிந்தவர்கள் அதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்த ‘கேம் பாய்’, அதன் வண்ணத்திரைப் பதிப்பையும் சேர்த்து, 11.86 கோடிக்கு மேல் விற்றது. 2001இல் வந்த ‘கேம் பாய் அட்வான்ஸ்’ 8.15 கோடி விற்றது. கையடக்கக் கருவிகளின் உலகில் இதைவிடப் பெரிய பெயர் கிடையாது. அதன் முழு உரிமையும் அதைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனத்திடமே இருக்கிறது. ஆனாலும் 2005இல் வந்த ‘கேம் பாய் மைக்ரோ’வுக்குப் பிறகு எந்தப் புதிய கன்சோலுக்கும் அந்தப் பெயரை அது வைக்கவில்லை. 2004இல் இரட்டைத் திரைக் கருவியை வெளியிட்டபோது, கேம் பாயின் வாரிசு என்று சொல்லாமல், டிவியில் இணைத்து ஆடும் கேம்கியூப், கேம் பாய் ஆகிய இரண்டுக்கும் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது தூண் என்று சொல்லி ‘டி.எஸ்.’ என்று பெயரிட்டது. புதிய சோதனை தோற்றிருந்தால் பழைய பெயருக்குக் கீறல் விழுந்திருக்காது. சோதனை தோற்கவில்லை, டி.எஸ். 15.4 கோடி விற்றது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. டி.எஸ்.ஸில் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களைச் செருகி ஆட முடிந்தது. பெயர் மட்டும்தான் புதியது. கேம் பாய் மைக்ரோவின் கதை நேர்மாறானது. அது குடும்பப் பெயரைத் தாங்கி வந்தது. ஆனால் முதல் கேம் பாயின் கார்ட்ரிட்ஜ்களையும் கேம் பாய் கலரின் கார்ட்ரிட்ஜ்களையும் ஏற்கவில்லை. அது விற்றது சுமார் 24 லட்சம். அந்தச் சரிவுக்கு டி.எஸ்.ஸின் போட்டி முதலான வேறு காரணங்களும் இருந்தன என்பதால், பழியைப் பெயர்மீது மட்டும் போடமாட்டேன். ஆனால், பழைய ஆட்டங்களை ஓட்டிய கருவி பழைய பெயர் இல்லாமலே வென்றது, பழைய பெயரைத் தாங்கிய கருவியை அந்தப் பெயர் காப்பாற்றவில்லை என்பதை மறுக்க முடியாது.

இன்றைக்கு அந்தப் பெயர் எங்கே இருக்கிறது? 2023 பிப்ரவரியில் நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் கருவியின் சந்தாச் சேவையில் பழைய கேம் பாய் ஆட்டங்களைச் சேர்த்தபோது, அந்தத் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயரை இட்டது. ஆட்டங்கள் எங்கே போயினவோ அங்கேயே பெயரும் போயிற்று. (2025இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட 421 துண்டுகள் கொண்ட கேம் பாய் பொம்மையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, அது எந்த ஆட்டத்தையும் ஓட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.) சோனியும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்தது. 2023 நவம்பரில், வைஃபை வழியாக வீட்டிலுள்ள பிளேஸ்டேஷன் 5இன் ஆட்டங்களைக் கையில் வைத்து ஆடும் கருவியை வெளியிட்டபோது, ஏழு கோடிக்கு மேல் விற்ற தன் பழைய கையடக்கக் கருவியின் ‘பி.எஸ்.பி.’ என்ற பெயர் தயாராக இருந்தும் ‘போர்ட்டல்’ என்று புதுப்பெயர் சூட்டியது. தானாக ஓர் ஆட்டத்தையும் ஓட்டாத கருவிக்கு பி.எஸ்.பி. என்று பெயர் வைத்திருந்தால், முதல் வாரமே வசைமழை பொழிந்திருக்கும்.

அப்படியானால் பழைய பெயரை மீட்டு யாருமே வெல்லவில்லையா என்று கேட்பீர்கள். நினைவுப் பொருளாக விற்றவர்கள் வென்றிருக்கிறார்கள். 1980இல் தொடங்கிய ‘கேம் அண்ட் வாட்ச்’ பெயரை நிண்டெண்டோ 2020 நவம்பரில் மீட்டெடுத்து, உள்ளே சூப்பர் மாரியோவை வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விற்றது. அடுத்த ஆண்டு செல்டாவை வைத்து இன்னொன்றை விற்றது. செகா நிறுவனமும் தன் பழைய கையடக்கக் கருவியான கேம் கியரின் பெயரில் 2020 அக்டோபரில் ஜப்பானில் ‘கேம் கியர் மைக்ரோ’வை வெளியிட்டது. நான்கு நிறங்கள், நிறத்துக்கு நான்கு ஆட்டங்கள், 1.15 அங்குலத் திரை. வரி நீங்கலாக விலை 4,980 யென். சட்டைப்பையில் தொலைந்துபோகும் அந்தக் குட்டிக் கருவியைப் பல மணி நேரம் வைத்து ஆட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இவற்றிலெல்லாம் பெயரே சரக்கு; மூடிய பெட்டிக்குள் சில ஆட்டங்கள், அவ்வளவுதான். உங்கள் கருவியோ ஆண்டுக்கணக்கில் புதிய ஆட்டங்களை வாங்கி ஓட்டுவதற்கானது என்றால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் நிலைக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் பிரிட்டனின் ‘வேகா பிளஸ்’. 1982இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் பெயரில் ஒரு கையடக்கக் கருவி செய்வதாக ஒரு சிறு நிறுவனம் 2016இல் இண்டிகோகோ என்ற இணையத்தளம் வழியாகப் பொதுமக்களிடம் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. அந்தக் கணினியைத் தயாரித்த சின்க்ளேர் நிறுவனத்தின் பெயர் 1986இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் போய், ஆம்ஸ்ட்ராடை 2007இல் ஸ்கை வாங்கியதால், அந்தக் கணினிப் பெயருக்கு உரிமம் தரும் இடத்தில் இருந்தது ஒரு தொலைக்காட்சி நிறுவனம்! ஆயிரம் ஆட்டங்கள் வரும் என்று வாக்களிக்கப்பட்டது. தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. 2018இல் ஒரு சிலருக்கு மட்டும் கருவி போய்ச் சேர்ந்தது. வாக்களித்த அந்த ஆட்டங்கள் அதில் இல்லை. அதே ஆண்டில் ஸ்கை பெயர் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. 2019இல் நிறுவனம் மூடப்பட்டது. பெயர் புகழ்பெற்றது என்பதால்தான் பணம் அவ்வளவு விரைவாக வந்தது. வாடிக்கையாளர்களின் கோபத்துக்கும் உரிமையாளரின் தலையீட்டுக்கும் அதே புகழ்தான் வழிவிட்டது. பெயர் தெரியாத ஒரு கருவி தாமதமாகியிருந்தால், பறித்துக்கொள்ள யாரிடமும் எதுவும் இருந்திருக்காது.

பழைய ‘நியோ ஜியோ’ கேம் கருவியின் பெயரில் வந்த ‘நியோ ஜியோ எக்ஸ்’ வேறு வகையான எச்சரிக்கை. 2012 டிசம்பரில் டாம்மோ என்ற நிறுவனம் பெயரின் உரிமையாளரான எஸ்.என்.கே. பிளேமோரிடம் உரிமம் பெற்று, இருபது ஆட்டங்களை உள்ளே வைத்து வெளியிட்டது. பெயரும் இருந்தது, ஆட்டங்களும் இருந்தன. ஆனாலும் 2013இலேயே எஸ்.என்.கே. உரிமத்தை முடித்துக்கொண்டது. இதனால்தான் ஆட்டங்கள் உடன் வந்தால்கூட ‘விலை பேசத் தொடங்கலாம்’ என்றேனே தவிர, ‘கையெழுத்திடுங்கள்’ என்று சொல்லவில்லை.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். உங்கள் மாதிரிக் கருவியின் திரை அளவு என்ன? சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வியைத்தான் பலர் கடைசியில் கேட்டுத் தலையில் கைவைக்கிறார்கள். கேம் பாய்க்கும் கேம் கியருக்கும் அகலத்தில் 160க்கு உயரத்தில் 144 புள்ளிகள் (பிக்சல்கள்), அட்டாரியின் லிங்க்ஸுக்கு 160க்கு 102, நியோ ஜியோ பாக்கெட்டுக்கு 160க்கு 152, கேம் பாய் அட்வான்ஸுக்கு 240க்கு 160, பி.எஸ்.பி.க்கு 480க்கு 272. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திரை வடிவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த ‘அனலாக் பாக்கெட்’ கருவியின் திரை 1600க்கு 1440, அதாவது கேம் பாயைப் போல் இருபுறமும் சரியாகப் பத்து மடங்கு. பழைய ஒரு புள்ளிக்கு நூறு புதிய புள்ளிகள் கிடைப்பதால் படம் எங்கும் பிசகுவதில்லை. அந்தக் கருவி கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களை ஏற்கிறது; அந்தப் பெயரை மட்டும் தனக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. உங்களுடையது அகலத் திரையாக இருந்து, வாங்கப் போவது கேம் கியர் காலத்துப் பெயராக இருந்தால், ஒவ்வொரு பழைய ஆட்டமும் இரண்டு கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஓடும். பெயருக்காகத் திரையை மாற்றுவது மாதிரியை முதலிலிருந்து செய்வதற்குச் சமம்.

பெயரோடு ஒட்டி வரும் நினைவுகள் எல்லாம் இனிமையானவையும் அல்ல. ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும் கருவி என்பதும் கேம் கியரைப் பற்றிய நினைவுதான்.

அடுத்தது ஊர். 1990களில் ஜப்பானியச் சிறுவனின் கையிலும் பிரிட்டிஷ் சிறுமியின் கையிலும் இருந்த கருவி நம் ஊர்ச் சிறுவர் பெரும்பாலோர் கையில் இருந்ததில்லை. திருவிழாக் கடைகளில் வாங்கிய, ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட பிரிக் கேம் பெட்டிதான் நம்மில் பலருக்கு முதல் கையடக்க ஆட்டம். அதற்கு அடுத்து நோக்கியாவின் பாம்பு. ஆகவே இந்தியாவில் முதலில் விற்பதாக இருந்தால், நீங்கள் ராயல்டி கட்டும் பெயர் இங்கே வாங்குபவரில் பெரும்பாலோருக்கு வெறும் எழுத்துகளாகவே தெரியும். பிரிட்டனிலும் ஜப்பானிலும் நினைவு இருக்கிறது. அங்கே அதை வைத்திருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்கள்தாம் உங்கள் வாடிக்கையாளர்களா, அவர்களுடைய பிள்ளைகளா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உரிமம் வாங்க மனம் இருந்தால், பேச்சுக்கு உட்காரும்போது ஆட்டங்களின் பட்டியலை முதலில் கேளுங்கள். கருவியின் பெயர் ஒருவரிடமும் ஆட்டங்கள் பத்துப் பேரிடமும் சிதறிக் கிடப்பதே இத்துறையின் வழக்கம். கேம் பாய் என்றதும் உலகத்துக்கு நினைவு வரும் டெட்ரிஸ் ஆட்டத்தின் உரிமைகூட நிண்டெண்டோவிடம் இல்லை. அது டெட்ரிஸ் கம்பெனியிடம் இருக்கிறது. எனவே பெயரின் உரிமையாளர் தம்மால் தரக்கூடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எழுதி ஒப்பந்தத்தின் இணைப்பாகத் தர வேண்டும். ‘ஆட்டங்கள் பின்னர் ஏற்பாடு செய்யப்படும்’ என்ற வாக்கியத்தை ஏற்காதீர்கள். சில கருவிகள் உள்ளே பதிந்த தொடக்க மென்பொருள் இல்லாமல் இயங்கமாட்டா. லிங்க்ஸில் அது வெறும் 512 பைட்தான். அளவு சிறிதென்றாலும் அதற்கும் அனுமதி வேண்டும்.

டிரேட்மார்க் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதையும், மூன்று நாடுகளிலும் தனித்தனியாக, வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பயன்படுத்தாமல் விட்ட பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோர ஜப்பானில் மூன்று ஆண்டுகளும், பிரிட்டனில் ஐந்து ஆண்டுகளும், இந்தியாவில் ஐந்து ஆண்டுகளும் மூன்று மாதங்களும் தொடர்ச்சியாகக் கடந்திருந்தால் போதும். முப்பது ஆண்டுகளாகத் தூங்கிய பெயரை ஒருவர் உங்களுக்கு வாடகைக்கு விடும்போது, வீடு அவருடையதுதானா என்று பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு: உரிமம் எக்காரணத்தால் முடிந்தாலும், தயாரித்துக் கிடங்கில் வைத்த சரக்கை விற்றுத் தீர்க்கக் குறைந்தது ஆறு மாத அவகாசம் வேண்டும். சிறு நிறுவனத்தை வீழ்த்துவது பெரும்பாலும் ராயல்டி அல்ல, விற்கக் கூடாது என்று ஒரே நாளில் முடங்கிப்போகும் சரக்குதான்.

உரிமம் வாங்குவதற்கும் மறுப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். பிரிட்டனின் பிளேஸ் நிறுவனம் 2020இல் தன் கருவிக்கு ‘எவர்கேட்’ என்று சொந்தப் பெயர் வைத்து, அட்டாரி, நாம்கோ போன்ற பழைய பெயர்களைக் கார்ட்ரிட்ஜ் தொகுப்புகளின் மேல் அச்சிட்டது. பின்னர் 2023இல் ‘சூப்பர் பாக்கெட்’ என்ற சிறு கருவியை, ஆட்ட நிறுவனங்களின் பெயரில், காப்காம் பதிப்பு, டைட்டோ பதிப்பு என்று வெளியிட்டது. ஓர் உரிமம் நாளை போனாலும் ஒரு பதிப்புதான் போகும். கருவியும் அதன் பெயரும் நிற்கும். உங்களுக்கு உரிமம் தர வருபவரிடம், பெயரைக் கருவிக்கு அல்லாமல் ஒரு தொகுப்புக்கும் ஒரு சிறப்புப் பதிப்புக்கும் மட்டும் தருவீர்களா என்று எழுத்து மூலம் கேளுங்கள். அவர் எந்த ஆட்டங்களைப் பட்டியலிட்டுப் பதில் அனுப்புகிறார் என்பதைப் பார்த்த பிறகு மேற்கொண்டு எழுதுங்கள்.