ஓமகாசே சுஷி உணவகத்துக்கு முதல் முறை போகிறேன். எப்படிச் சாப்பிட வேண்டும்?

'ஓமகாசே' என்றால் 'உங்கள் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன்' என்று பொருள். அதனால் மெனு கார்டைத் தேட வேண்டாம். டோக்கியோவில் என்றால், டொயோசு சந்தையில் அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருந்ததோ அதை வைத்து சமையல்காரரே வரிசையை முடிவு செய்வார். கடைகள் சின்னவை. டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள புகழ்பெற்ற சுஷி கடையான சுகியபாஷி ஜிரோவிலேயே கவுன்டரில் 10 இருக்கைகள்தான்.

இங்கே சுஷி என்றால் சிறு சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு. எல்லோரும் மீனைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் சுஷியின் உயிர் சோற்றில்தான் இருக்கிறது. வினிகர் கலந்த அந்தச் சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்கும். உங்கள் முன் வைத்தவுடன் உற்றுப் பாருங்கள், தன் எடையிலேயே லேசாக அமுங்கும். அப்போதே வாயில் போட்டால் பருக்கை பருக்கையாக உதிரும். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும், அந்தச் சுகம் போய்விடும்.

கையாலேயே எடுத்து ஒரே வாயில் சாப்பிடலாம், தப்பில்லை. பெரும்பாலும் சோயா சாஸைச் சமையல்காரரே தூரிகையால் தடவி, வசாபி என்ற காரமான பச்சை விழுதையும் சோற்றுக்கும் மீனுக்கும் நடுவில் வைத்துவிடுவார். மறுபடி சோயா சாஸில் தோய்க்காதீர்கள். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே நாக்கைச் சுத்தப்படுத்த, மீன் மேல் வைத்துச் சாப்பிட அல்ல.

அப்புறம், சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் மீனின் மணம் தெரியாது. ஒவ்வாமை இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமில்லை. கிளம்பும்போது 'கொச்சிசோசமா' என்று நன்றி சொன்னால் போதும்.