ஹாலோவீனுக்கு லிமெரிக் மாதிரி அஞ்சு வரி சிரிப்புக் கவிதை தமிழ்ல எழுத முடியுமா, எப்படி?

தாராளமா முடியும். இதுக்கு தமிழ்ல பேரே இருக்கு, குறும்பா. ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி லிமெரிக்கை நம்ம யாப்புக்கு மாத்தி எழுதினாரு, 1966லயே புத்தகமா வந்துடுச்சு.

நான் பாண்டில இருக்கேன். போன வருஷம் அக்கா பொண்ணுக்கு ஸ்கூல்ல ஹாலோவீன் ப்ரோக்ராம், மாமா ஒரு பேய் கவிதை வேணும் ஆனா எல்லாரும் சிரிக்கணும்னு வந்து நின்னா. பூசணிக்காய், துடைப்பத்துல பறக்குற சூனியக்காரின்னு எழுதிப் பாத்தேன், ஒண்ணும் ஒட்டல, ஏன்னா அதெல்லாம் அந்த ஊரு சாமான். நம்ம ஊர்ல பேய்க்கு பசி வந்தாதான் சிரிப்பு, கலிங்கத்துப்பரணில பேய்ங்க போர்க்களத்துல கூழு காய்ச்சி குடிக்கிற இடத்த படிச்சவங்களுக்கு தெரியும். அதனால பேய்க்கு தோசை ஆசைய குடுத்தேன்:

உப்பளத்துப் பேய்க்குவந்த ஆசை
ஒருதட்டில் சூடாகத் தோசை
உப்பில்லை எனவலறி
ஓங்கியொரு குத்துவிட
அப்பளமாய் நொறுங்கியதாம் மேசை

1, 2, 5 வரிக்கு மூணு மூணு சீர், நடுவுல இருக்குற ரெண்டு வரிக்கு ரெண்டே சீர். ஆசை, தோசை, மேசைன்னு கடைசில இயைபு. உப்பளம், உப்பில்லை, அப்பளம்னு 1, 3, 5 வரி ஆரம்பத்துல எதுகை. மத்த ரெண்டு வரியும் ஒ, ஓன்னு ஆரம்பிக்குது, அது உ-வுக்கு மோனை.

இதுல உயிரே அந்த குட்டி வரிங்கதான், அங்க வேகம் புடிச்சாதான் அஞ்சாவது வரில வந்து டமால்னு விழும். நான் முதல்ல "உப்பில்லை என்று சொல்லி"ன்னு எழுதியிருந்தேன், ஒரு சீர் கூடிப்போச்சு, வாய்விட்டு படிச்சா சரியா அந்த இடத்துல நாக்கு தடுக்குது, எனவலறின்னு மாத்தினதும் ஓடிச்சு. சீர் எண்ணிக்கைய விட்டுக்குடுக்காதீங்க, ஒரு அசை கூடினா கூட சிரிப்பு போயிடும்.

அப்புறம் கடைசி வார்த்தைய முதல்ல புடிங்க. எனக்கு மேசை கிடைச்சப்புறம்தான் ஆசையும் தோசையும் வந்துச்சு. இங்லீஷ்ல எட்வர்ட் லியர் 1846ல போட்ட புத்தகத்துல நிறைய லிமெரிக்ல முதல் வரி கடைசில வந்த சொல்லே அஞ்சாவது வரி கடைசிலயும் திரும்ப வரும், ஆனா தமிழ்ல புது சொல்லா வந்து விழுந்தாதான் எனக்கு சுவையா இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. ஹாலோவீன் அக்டோபர் 31, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்னிக்கு எங்க பாண்டி உப்பளம் ஏரியா கல்லறைல ஜனங்க பூ வச்சு மெழுகுவத்தி ஏத்தி அம்மா அப்பாவ நெனச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்தப் புள்ளைங்களும் அதே ஸ்கூல்லதான் படிக்குது. அதான் என் பேய் கல்லறை பக்கமே போகல, நேரா ஓட்டலுக்கு போயிடுச்சு.

படிக்கும்போது 3, 4 வரிய ஒரே மூச்சுல சொல்லி, "நொறுங்கியதாம்" முடிஞ்சதும் ஒரு நொடி நிறுத்துன்னு பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தேன். ஸ்டேஜ்ல அவ நிறுத்தின அந்த கேப்ல முன் வரிசை பசங்க முந்திக்கிட்டு "மேசை"ன்னு கத்திட்டாங்க.